டிராக்கரில் பேட்டர்ன் அடுக்குவது எப்படி: ஒரு பாட்டு, ஐந்து வழி

டிராக்கர் என்பது நோட்டுகளை வரி வரியாக எழுதிப் பாட்டு செய்யும் மென்பொருள். அதைத் திறந்து 16 வரியில் ஒரு தாளம் தட்டுவது பத்து நிமிட வேலை. கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும். அதை முழுப் பாட்டாக நீட்டப் போகும்போதுதான் பலர் கோப்பை மூடிவிட்டு, புதிதாக இன்னொரு 16 வரி தட்ட ஆரம்பிக்கிறார்கள். என் கணினியிலும் அப்படி அரைகுறையாக நிற்கும் கோப்புகள் நிறைய.

முடித்த ஒரு பாட்டின் கதையைச் சொல்கிறேன். பேஸில், அதாவது அடிநாதப் பகுதியில், ஒரே ஒரு நோட் தவறு. அந்த பேஸ் ஒன்பது பேட்டர்னில், அதாவது ஒன்பது நோட்டுப் பக்கங்களில், நகலாகிக் கிடந்தது. எட்டில் திருத்தினேன், ஒன்பதாவதை மறந்தேன். பாட்டை வேவ் கோப்பாக்கி நண்பனுக்கு அனுப்பிய பிறகு அவன் கேட்டான்: “கடைசிப் பல்லவியில மட்டும் ஏன்டா பேஸ் அழுவுது?”

அன்றிலிருந்து எந்த டிராக்கரைக் கையில் எடுத்தாலும் இரண்டு வேலைகளை அதில் செய்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. முதல் வேலை, கடைசிப் பல்லவியில் தாளத்தை மட்டும் மாற்றுவது. இரண்டாம் வேலை, பல்லவி பேஸில் உள்ள ஒரு நோட்டைப் பாட்டு முழுக்கத் திருத்துவது. ஒன்றுக்கு நகல் பிரிய வேண்டும், மற்றதற்கு நகல்கள் ஒட்டியே இருக்க வேண்டும். இந்த இழுபறியை மென்பொருள் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தாலே, அதில் பாட்டு அடுக்குவது எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிடும். இங்கே ஒரே பாட்டை ஐந்து விதமான டிராக்கர்களில் அடுக்கப் போகிறோம்.

முதலில் தாளில்

டிராக்கரில் நேரம் மேலிருந்து கீழே ஓடும். ஒவ்வொரு சேனலும் ஒரு நெடுக்குப் பத்தி. நோட்டுகள் நிரம்பிய ஒரு பக்கம்தான் பேட்டர்ன். எந்தப் பக்கத்துக்குப் பின் எந்தப் பக்கம் என்று சொல்வது ஆர்டர் லிஸ்ட். ஒரே பக்கத்தை லிஸ்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

நமது பாட்டுக்கு நான்கு சேனல் போதும்: தாளம், பேஸ், மெலடி, கார்ட்ஸ் (சில நோட்டுகள் சேர்ந்து ஒன்றாக ஒலிப்பது). அமைப்பு இது: முன்னிசை, இரண்டு பக்கப் பல்லவி, இடையிசை, இரண்டு பக்கச் சரணம், மறுபடி பல்லவி. எண் போட்டால் இப்படி வரும்:

00 01 02 03 04 05 01 02

இதைக் கணினியைத் தொடும் முன்பே எழுதிவிடுங்கள். பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கம் போதும்.

ஒரு பேட்டர்ன் 64 வரி என்று வைப்போம். டிராக்கர்களின் பழைய இயல்பு வேகம் 6, டெம்போ 125. டெம்போ 125 என்றால் நொடிக்கு 50 டிக் (டிராக்கர் நேரத்தை எண்ணும் சிறு துளி). வேகம் 6 என்றால் ஆறு டிக் சேர்ந்து ஒரு வரி. ஆக ஒரு வரி 0.12 நொடி, 64 வரி 7.68 நொடி. நான்கு வரி ஒரு அடி என்று எடுத்தால் ஒரு பேட்டர்னில் நாலு நாலு அடியாக நான்கு பார். மேலே உள்ள எட்டு இடங்களும் சேர்ந்து 61 நொடிக்குக் கொஞ்சம் மேல். பாட்டு எவ்வளவு நீளம் வரும் என்பது ஒரு நோட் எழுதும் முன்பே தெரிந்துவிடுகிறது. டிராக்கரில் எனக்குப் பிடித்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு பழக்கம்: முன்னிசையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 00-ஐக் காலியாக விட்டு, 01-இல் பல்லவியை எழுதுங்கள். முன்னிசை பெரும்பாலும் பல்லவியிலிருந்து சிலவற்றைக் கழித்தால் கிடைப்பதுதான்.

வழி 1: முழுப் பக்கமாக அடுக்குவது (மில்கிடிராக்கர், ஓப்பன்எம்பிடி)

இதுதான் ஆதி வழி. 1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகாவுக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கரை எழுதியபோது, அந்தக் கணினியின் ஒலிச் சிப்பில் இருந்ததே நான்கு சேனல். பேட்டர்னுக்கு 64 வரி, லிஸ்டில் 128 இடம் என்ற கணக்கை அந்தப் பரம்பரையில் வந்த மாட் கோப்புகள் இன்றும் சுமக்கின்றன. நான்கு சேனலுக்குள் அடங்க வேண்டி, முழு கார்டையே ஒரு சாம்பிளாக (ஒலித் துண்டாக) பதிந்து ஒரே சேனலில் வாசித்தார்கள். நமது கார்ட்ஸ் சேனலுக்கும் அதே தந்திரம் போதும். 1994-இல் வந்த ஃபாஸ்ட்டிராக்கர் 2-இன் எக்ஸ்எம் கோப்பு வடிவத்தில் சேனல் 32 ஆனது, பேட்டர்ன் நீளமும் 1 முதல் 256 வரி வரை நம் விருப்பம் ஆனது. மில்கிடிராக்கர் அந்த வழியில் வந்தது.

மில்கிடிராக்கரில் ஆர்டர் லிஸ்ட் இடது மேல் மூலையில் இருக்கும். பக்கத்தில் நான்கு சின்ன பட்டன்கள். இன்ஸ், லிஸ்டில் ஓர் இடம் சேர்க்கும். டெல், எடுக்கும். செக், காலிப் பேட்டர்ன் ஒன்றைப் புது எண்ணோடு சேர்க்கும். சிஎல்என், அதாவது குளோன், இப்போது நிற்கும் பேட்டர்னைப் புது எண்ணில் நகலெடுத்துச் சேர்க்கும். இந்த நான்கைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

செய்யும் வரிசை:

1. செக்கை அழுத்தி 01-ஐ உருவாக்கி, அதில் தாளம், பேஸ், கார்ட்ஸ், மெலடி நான்கையும் எழுதுங்கள்.
2. அதே இடத்தில் நின்று சிஎல்என். 02 கிடைக்கும். இதில் மெலடியை மட்டும் அழித்து, பல்லவியின் இரண்டாம் பாதியை எழுதுங்கள்.
3. இடையிசைக்கும் சரணத்துக்கும் செக் கொண்டு 03, 04, 05.
4. கடைசியில் இன்ஸ் இரண்டு முறை, எண்ணை மாற்றி 01, 02.
5. 00-க்குப் போய், 01-இலிருந்து தாளப் பத்தியை மட்டும் கொண்டுவந்து போடுங்கள். முன்னிசை தயார்.

பத்தியை மட்டும் நகலெடுக்க கர்சரை அந்தச் சேனலில் வைத்து ஷிஃப்ட்டோடு எஃப்4, ஒட்ட வேண்டிய பேட்டர்னில் ஷிஃப்ட்டோடு எஃப்5. இது ஃபாஸ்ட்டிராக்கர் விசைமுறை. மில்கியில் அந்த முறையைத் தேர்ந்திருந்தால் அப்படியே வேலை செய்யும். ஷிஃப்ட் என்றால் ஒரு சேனல், கன்ட்ரோல் என்றால் முழுப் பேட்டர்ன், ஆல்ட் என்றால் தேர்ந்தெடுத்த பகுதி. விரலுக்குப் பழகிவிட்டால் மவுஸ் தேவையே இல்லை.

இனி நம் சோதனை. முதல் வேலைக்கு, கடைசிப் பல்லவியில் நின்று சிஎல்என் அழுத்தி, பழைய எண்ணை டெல்லால் எடுத்துவிட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் செய்தால் லிஸ்ட் 00 01 02 03 04 05 06 07 ஆகும். 06, 07 இரண்டிலும் தாளத்தை மாற்றலாம், சிக்கலே இல்லை.

இரண்டாம் வேலை வரும்போதுதான் முகம் சுருங்கும். பல்லவி பேஸ் இப்போது 01, 02, 06, 07 என்று நான்கு இடத்தில் தனித்தனியாக இருக்கிறது. 01-இல் திருத்தி, பத்தியை நகலெடுத்து, மற்ற மூன்றிலும் ஒட்ட வேண்டும். ஒன்றை மறந்தால் என் நண்பன் கேட்ட கேள்வி உங்களுக்கும் வரும். இந்த வழியில் எனக்கு ஒரே விதிதான்: குளோனை எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்கள். பேஸ் முழுக்கத் திருப்தியான பிறகே சிஎல்என் பக்கம் கை போக வேண்டும்.

ஓப்பன்எம்பிடியிலும் இதே முறைதான், லிஸ்ட் மட்டும் பேட்டர்னுக்கு மேலே படுக்கையாக ஓடும். பேட்டர்னுக்குப் பெயர் வைக்கலாம், “சரணம் 2” என்று. மூன்று கூட்டல் குறி போட்ட இடத்தைப் பாட்டு தாண்டிப் போகும், ஆகவே பகுதிகளைப் பிரித்துக் காட்ட அது நல்ல வேலி. மூன்று கழித்தல் குறி வந்தால் பாட்டு முடிவு. அதன் சொந்த எம்பிடிஎம் வடிவத்தில் ஒரே கோப்புக்குள் பல ஆர்டர் லிஸ்ட் வைக்கலாம். முழுப் பாட்டுக்கு ஒன்று, 30 நொடிச் சுருக்கத்துக்கு ஒன்று. இதை அதிகம் பேர் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை, ஆனால் விளையாட்டுகளுக்கு இசை செய்பவர்களுக்குக் கொழுத்த வசதி.

நோட்டுகளுக்குப் பக்கத்தில் எழுதும் கட்டளைகளில் ஒரு பொறி. எக்ஸ்எம்மில் “டி” கட்டளை பேட்டர்னை அங்கேயே முறித்து அடுத்ததற்குப் போகும். அதன் பின் வரும் எண், அடுத்த பேட்டர்னில் எந்த வரிக்குப் போக வேண்டும் என்பது. மில்கியின் திரையில் வரி எண்கள் ஹெக்ஸில் (பதினாறின் அடிமான எண்முறையில்) தெரியும், இந்தக் கட்டளையின் எண்ணோ தசமக் கணக்கு. நடு வரிக்குப் போக டி32 என்று எழுத வேண்டும், திரையில் அந்த வரி 20 என்று நிற்கும். இம்பல்ஸ் டிராக்கர் வடிவத்தில் இதே வேலையைச் செய்வது “சி” கட்டளை, அங்கே எண் ஹெக்ஸ், ஆகவே சி20. இரண்டு வடிவத்துக்கும் மாறி மாறிப் போகிறவர்கள் இதை ஒரு சீட்டில் எழுதித் திரையில் ஒட்டிவிடலாம்.

வழி 2: சேனல் சேனலாக அடுக்குவது (ஃபேமிடிராக்கர், ஃபர்னேஸ்)

இங்கே ஆர்டர் லிஸ்ட் ஒற்றைப் பத்தி அல்ல, கட்டம் கட்டமான அட்டவணை. ஒவ்வொரு சேனலுக்கும் தன் தனிப் பேட்டர்ன் எண். பேஸின் 01 வேறு, மெலடியின் 01 வேறு.

நிண்டெண்டோவின் பழைய கேம் கருவியான என்இஎஸ்-இன் ஒலிச் சிப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு பல்ஸ், ஒரு ட்ரையாங்கிள், ஒரு நாய்ஸ், ஒரு சாம்பிள் சேனல். மெலடி முதல் பல்ஸில், கார்ட்ஸ் இரண்டாம் பல்ஸில், பேஸ் ட்ரையாங்கிளில், தாளம் நாய்ஸில். ஒரு பல்ஸ் ஒரு நேரத்தில் ஒரு நோட்தான் பாடும், அதனால் கார்டின் நோட்டுகளை ஆர்பெஜியோ கட்டளையால் வேகமாகச் சுழற்றுவார்கள். பழைய வீடியோ கேம்களில் கேட்ட அந்த “கிலுகிலு” ஒலி இப்படி வருவதுதான்.

நமது பாட்டு இப்படி அமரும்:

இடம் | தாளம் | பேஸ் | மெலடி | கார்ட்ஸ்
00 | 00 | 00 | 00 | 00
01 | 01 | 01 | 01 | 01
02 | 01 | 01 | 02 | 01
03 | 02 | 02 | 03 | 02
04 | 01 | 03 | 04 | 03
05 | 01 | 03 | 05 | 03
06 | 03 | 01 | 01 | 01
07 | 03 | 01 | 02 | 01

பேஸ் பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். பல்லவி எங்கே வந்தாலும் 01. தாளப் பத்தியில் கடைசி இரண்டு இடம் மட்டும் 03. முதல் வேலை என்பது இரண்டு எண்ணை மாற்றி, 03-இல் புதுத் தாளத்தை எழுதுவது. இரண்டாம் வேலை, பேஸ் 01-இல் ஒரு நோட்டைத் திருத்துவது, அவ்வளவுதான். நான்கு இடத்திலும் தானாகச் சரியாகிவிடும். முதல் வழியில் குளோன் செய்த பிறகு எட்டுப் பக்கத்தில் நாலு பத்தி வீதம் 32 பத்திகளைக் காக்க வேண்டியிருந்தது. இங்கே 18.

சரி, அப்படியானால் இதுவே போதுமே என்று தோன்றும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. ஃபர்னேஸில் ஒரு வரிசையை டூப்ளிகேட் செய்தால், அதே எண்களோடு இன்னொரு வரிசை வரும். புதிய பக்கம் என்று நினைத்து அதில் எழுதினால் பழையதும் மாறும். பாட்டின் முதல் பல்லவியில் திடீரென்று கடைசிப் பல்லவியின் தாளம் கேட்டால் காரணம் இதுதான். டூப்ளிகேட் பட்டனை வலது கிளிக் செய்தால் டீப் குளோன், அதாவது எல்லாச் சேனலுக்கும் புது எண், புது நகல். ஆனால் அடிக்கடி அதைச் செய்தால் முதல் வழிக்கே திரும்பிவிடுவீர்கள். நான் செய்வது: முதலில் சாதாரண டூப்ளிகேட், பிறகு மாற்றப் போகும் ஒரு சேனலின் எண்ணை மட்டும் கையால் மாற்றுவது.

பேட்டர்ன் நீளம் இங்கே பாட்டு முழுமைக்கும் ஒன்றே. ஒரு பக்கத்தை மட்டும் குறுக்க வேண்டுமானால் முறிவுக் கட்டளைதான். அதை எந்தச் சேனலில் போட்டாலும் எல்லாச் சேனலும் சேர்ந்து அடுத்த வரிசைக்குப் போகும்.

கமடோர் 64 என்ற பழைய கணினிக்கான கோட்டிராக்கர் இதைவிட ஒரு படி மேலே போனது. அதன் சிட் ஒலிச் சிப்பின் மூன்று சேனலுக்கும் மூன்று தனி லிஸ்ட், பேட்டர்ன் நீளமும் தனித்தனி. லிஸ்டிலேயே திரும்ப வாசி, சுருதி ஏற்று, இறக்கு என்று எழுதலாம். நீளங்கள் கூட்டினால் ஒத்துப்போக வேண்டும், அந்தக் கணக்கு உங்கள் தலையில்.

வழி 3: சின்னத் துண்டுகளைச் சங்கிலியாகக் கோப்பது (எல்எஸ்டிஜே, எம்8)

யோஹன் கோட்லின்ஸ்கி கேம் பாய்க்காக எழுதிய எல்எஸ்டிஜே-யில் பேட்டர்ன் என்ற சொல்லே கிடையாது. 16 படி கொண்ட துண்டு ஃப்ரேஸ். ஃப்ரேஸ்களைக் கோத்தால் செயின், ஒரு செயினில் 16 ஃப்ரேஸ் வரை. செயின்களை நான்கு சேனலிலும் அடுக்கினால் பாட்டு. அந்தச் சின்னத் திரையில் 64 வரியைக் காட்ட இடமில்லை. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் இந்த அமைப்பு என்று நினைக்கிறேன். 8 டிராக் (சேனல்) கொண்ட எம்8 என்ற கையடக்கக் கருவியும் இதே வழிதான்.

செயினில் ஒவ்வொரு ஃப்ரேஸுக்கும் பக்கத்தில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு பத்தி இருக்கிறது. இந்த மென்பொருளின் உயிரே அதுதான் என்பேன். பல்லவி பேஸின் நான்கு பாரும் ஒரே அசைவு, கார்டு மட்டும் மாறுகிறது என்றால், எழுத வேண்டியது ஒரே ஒரு ஃப்ரேஸ். அதற்கு 10 என்று எண் கொடுத்தால் செயின் இப்படி:

10 00
10 05
10 07
10 00

ஐந்து அரைச்சுரம் ஏறி, ஏழுக்குப் போய், வீடு திரும்புகிறது. 64 வரி 16 ஆகிவிட்டது. இரண்டாம் வேலை என்பது இங்கே ஒரே படியில் ஒரு நோட்டைத் திருத்துவது. முதல் வேலைக்கு நாய்ஸ் பத்தியில் கடைசிப் பல்லவியின் செயின் எண்ணை மாற்றினால் போதும்.

நம் இசைக் காதுக்கு இதில் ஓர் எச்சரிக்கை. மோகனத்தில் ஒரு துண்டை எழுதி ஐந்து அரைச்சுரம் ஏற்றுங்கள். சட்ஜம் இருந்த இடத்தில் மத்யமம் வந்து உட்காரும், மோகனத்தில் மத்யமமே கிடையாது. ஏழு ஏற்றினால் காந்தாரம் நிஷாதம் ஆகும், அதுவும் கிடையாது. இயந்திரம் எண்ணைக் கூட்டும், ராகம் பார்க்காது. பேஸ் போன்ற ஆதாரப் பகுதிகளுக்கு ஏற்ற இறக்கத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மெலடிக்கு வேறு ஃப்ரேஸே எழுதிவிடுங்கள்.

குளோன் இங்கேயும் காலை வாரும். அமைப்புத் திரையில் ஸ்லிம், டீப் என்று இரண்டு வகை. ஸ்லிம் என்றால் செயின் மட்டும் புதிது, உள்ளே இருக்கும் ஃப்ரேஸ்கள் பழையவையே. டீப் என்றால் ஃப்ரேஸ்களும் புதிது. கடைசிப் பல்லவியின் தாளச் செயினை ஸ்லிம்மாகக் குளோன் செய்து, உள்ளே போய் அடியை மாற்றினால், பாட்டு முழுக்க மாறும்.

அப்புறம், சேனல்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்காது. தாளச் செயினில் நான்கு ஃப்ரேஸ், பேஸ் செயினில் தவறுதலாக மூன்று என்றால், 64-ம் 48-ம் ஒன்றையொன்று துரத்தி, 192 படி கழித்துத்தான் மறுபடி சந்திக்கும். வேண்டுமென்றே செய்தால் அழகு. தெரியாமல் நடந்தால் எங்கே பிசகியது என்று தேடியே மாலை போய்விடும்.

வழி 4: கட்டங்களை மறைத்தும் இணைத்தும் (ரெனாய்ஸ்)

2002-இல் வந்த ரெனாய்ஸ், பழைய டிராக்கரையும் இன்றைய ஸ்டூடியோ மென்பொருளையும் ஒரே திரையில் வைத்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியது, டெமோவில் வேவ் கோப்பாக எடுக்க முடியாது. இடது ஓரத்தில் பேட்டர்ன் வரிசை. அதன் பக்கத்தில் மேட்ரிக்ஸைத் திறந்தால், ஒவ்வொரு பேட்டர்னிலும் ஒவ்வொரு டிராக்கும் ஒரு சிறு கட்டமாகத் தெரியும்.

இதில் நான் அடுக்கும் விதம் தலைகீழ். முதலில் பாட்டின் உச்சத்தை எழுதுவேன், எல்லா டிராக்கும் ஒலிக்கும் ஒரே பேட்டர்ன். அதை வரிசையில் ஆறேழு முறை போட்டு, மேட்ரிக்ஸில் வேண்டாத கட்டங்களை மவுஸின் நடு பட்டனால் தட்டி மியூட் செய்வேன். முன்னிசைக்குத் தாளம் மட்டும், அடுத்து பேஸ் சேரும், அடுத்து கார்ட்ஸ். மியூட் என்பது பேட்டர்னுக்கு உரியதல்ல, வரிசையில் அந்த இடத்துக்கு உரியது. ஆகவே ஒரே பேட்டர்ன் ஓரிடத்தில் தாளத்தோடும் இன்னோரிடத்தில் தாளமில்லாமலும் வரலாம். பத்து நிமிடத்தில் பாட்டின் எலும்புக்கூடு நின்றுவிடும்.

முதல் வேலைக்கு இரு பல்லவிப் பேட்டர்ன்களையும் குளோன் செய்யுங்கள். இங்கே குளோன் என்றால் தனி நகல். இரண்டாம் வேலை கெடாமல் இருக்க, குளோனில் பேஸ் கட்டத்தை மட்டும் மூலத்தின் அலியாஸ் ஆக்குங்கள். அலியாஸ் என்றால் ஒட்டிய நகல், எங்கே திருத்தினாலும் எல்லா இடத்திலும் மாறும். 02-இன் பேஸையும் 01-இன் அலியாஸ் ஆக்கிவிட்டால் நான்கு இடமும் ஒன்றுதான். இரண்டாம் வழியின் லாபம், முதல் வழியின் வசதியோடு. ஒட்டியது எது, பிரிந்தது எது என்று திரையிலேயே தெரிவதுதான் இதில் எனக்குப் பெரிய நிம்மதி.

பேட்டர்ன் எண்கள் தாமாக மாறுகின்றனவே என்று சிலர் பதறுவார்கள். எண்களை வரிசை மாறாமல் அடுக்கி வைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதை அணைத்தால் எண்கள் நீங்கள் வைத்தபடி நிற்கும்.

வழி 5: காலக்கோட்டில் இஷ்டம் போல (சன்வாக்ஸ்)

அலெக்சாண்டர் ஸோலோடோவ் எழுதிய சன்வாக்ஸில் ஆர்டர் லிஸ்ட் இல்லை. பேட்டர்ன்கள் ஒரு நீளக் கோட்டில் செங்கற்களாகக் கிடக்கும், மேலும் கீழுமாக அடுக்கினால் ஒன்றாக ஒலிக்கும். தாளத்துக்கு ஒரு செங்கல், பேஸுக்கு ஒன்று, நீளம் அதனதன் விருப்பம். கைபேசியில் பாட்டு செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கணினியில் இலவசம், கைபேசியில் விலை உண்டு.

இரண்டு வேலையும் இதில் சுலபம், ஒரு சொல் குழப்பம் மட்டும். சன்வாக்ஸில் குளோன் என்றால் ஒட்டிய நகல், மில்கியிலும் ரெனாய்ஸிலும் அதே சொல்லுக்குப் பிரிந்த நகல் என்று பொருள். ஒன்றில் பழகிய கை மற்றதில் போய்ப் பாட்டைக் கெடுப்பது இந்த ஒரு சொல்லால்தான். கடைசிப் பல்லவியின் தாளச் செங்கல்லைக் குளோன் நிலையிலிருந்து பிரித்துவிட்டு எழுதுங்கள், பேஸ் செங்கல்லைப் பிரிக்காதீர்கள்.

ஏழு எண்ணிக்கை வந்தால்

இதுவரை எல்லாம் நாலு நாலாகப் போனது. மிஸ்ர சாபு வைக்க வேண்டும் என்றால்? மூன்றும் நான்கும் சேர்ந்த ஏழு. ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு வரி என்றால் ஓர் ஆவர்த்தனம் 14 வரி, நான்கு ஆவர்த்தனம் 56.

மில்கி, ஓப்பன்எம்பிடி, ரெனாய்ஸ், சன்வாக்ஸ் எல்லாவற்றிலும் பேட்டர்ன் நீளத்தை 56 என்று வைத்துவிடலாம். மில்கியில் அது ஹெக்ஸில் 38 என்று தெரியும், தவறு என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். ஓப்பன்எம்பிடியில் பார் எத்தனை வரி என்பதை 14 ஆக்கினால் நிறக்கோடுகள் ஆவர்த்தனத்தோடு ஒத்துவரும், கண்ணுக்குப் பெரிய உதவி. ஃபேமிடிராக்கரில் பாட்டு முழுவதுக்கும் 56.

பழைய மாட் வடிவத்தில் 64 மாறாது, அதனால் வரி 55-இல் டி00. வரிகள் 0-இலிருந்து எண்ணப்படுவதால் 56-ஆவது வரியின் எண் 55. அந்த வரி ஒலித்த பிறகே முறிவு நடக்கும். எல்எஸ்டிஜே-யில் இது நேர்மாறு. ஹாப் கட்டளை இருக்கும் படி ஒலிக்காமலேயே அடுத்த ஃப்ரேஸுக்குத் தாவும். ஆகவே 14 படி வேண்டுமென்றால் 0 முதல் 13 வரை நோட்டுகள், 14 என்ற படியில், திரையில் “இ” என்று தெரியும் இடத்தில், ஹாப். ஒவ்வொரு ஃப்ரேஸிலும் போட வேண்டும். ஒன்றில் விட்டாலும் அந்தச் சேனல் இரண்டு படி பின்தங்கிவிடும், அதன் பிறகு யார் சமத்தில் வருகிறார்கள் என்றே தெரியாது.

எதை எடுப்பது

முதல் முறை என்றால் மில்கிடிராக்கர். குறை தெரிந்தும் சொல்கிறேன். நான்கு பட்டன், ஒரு லிஸ்ட், இலவசம். நகல் எடுத்த வலி ஒரு முறை பட்டால்தான் மற்ற வழிகள் எதற்காக வந்தன என்பது புரியும். ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் சுழற்றும் நடன இசை என்றால் ஃபர்னேஸோ எம்8-ஓ கைக்கு இதமாக இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் மாறிக்கொண்டே போகும், கதை சொல்வது போன்ற பாட்டுக்கு முதல் வழியே போதும். எதுவும் திரும்ப வராத இடத்தில் ஒட்டிய நகல்களால் லாபமில்லை, குழப்பம்தான். மெல்லக் கூட்டி மெல்லக் குறைக்கும் பின்னணி இசைக்கு ரெனாய்ஸின் மேட்ரிக்ஸ்.

வேறு மென்பொருளுக்கு மாற்றும் முன்

மில்கியில் தொடங்கிய எக்ஸ்எம் கோப்பை ஓப்பன்எம்பிடி, ரெனாய்ஸ், சன்வாக்ஸ் மூன்றும் திறக்கும். ரெனாய்ஸில் சேமித்ததை மறுபடி எக்ஸ்எம்மாக எடுக்க முடியாது, ஆகவே மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

மாற்றும் முன் தாவல் கட்டளைகளைத் தேடிப் பாருங்கள். “பி” கட்டளை லிஸ்டில் வேறோர் இடத்துக்குத் தாவுவது. நமது பாட்டின் கடைசி வரியில் பி01 என்று போட்டால் முன்னிசையை விட்டுவிட்டுப் பல்லவியிலிருந்து சுற்றும், கேம் இசைக்கு அருமை. “இ6” பேட்டர்னுக்குள்ளேயே சில வரிகளைச் சுழற்றுவது. ஃபாஸ்ட்டிராக்கர் 2-இல் இதற்கு ஒரு பிரபலமான பிசகு உண்டு: ஒரு பேட்டர்னின் நடுவே இ60 (சுழற்சி தொடங்கும் இடத்தின் குறி) போட்டால், அடுத்த பேட்டர்னும் முதல் வரியிலிருந்து தொடங்காமல் அதே வரியிலிருந்து தொடங்கும். சிலர் அதையே தந்திரமாக வைத்துப் பாட்டு எழுதினார்கள், அந்தக் கோப்புகளைச் சரியாக வாசிக்க இன்றைய பிளேயர்களும் அதே பிசகைப் பின்பற்ற வேண்டியிருக்கிறது.

ரெனாய்ஸுக்குப் போவதாக இருந்தால் இந்தச் சுழற்சிகளைப் பிரித்து, வரி வரியாக முழு நீளத்துக்கு எழுதிவிட்டு, பழைய கோப்பையும் புதியதையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேளுங்கள். இடம் 03-க்கு வரும்போது இரண்டிலும் 23 நொடி காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால், அதற்கு முன் எங்கேயோ ஒரு “டி” தவறான வரிக்குத் தாவியிருக்கிறது.